எதிரி சொன்ன ‘ஓம்’

(கொட்டாஞ்சேனையில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்திலிருந்து புதுக்கடைக்கு நடந்தே போய்விடலாம். கொட்டாஞ்சேனைக்காரருக்கு நீதிமன்று தூரத்து இடமில்லை. இரவில் பிள்ளையைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போனால், காலையில் சாப்பாட்டுப் பார்சலோடு அந்த வாசலில் வந்து நிற்கும் தாய்மாரை நான் கணக்கில்லாமல் கண்டிருக்கிறேன். என் உத்தியோக காலம் முழுவதும் கொழும்பு நீதிமன்றுகளிலேயே கழிந்தது. நான் அங்கே மொழிபெயர்ப்பாளன். தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வதும், சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வதும்தான் என் தொழில்.

வெள்ளைக்கார ஆட்சியில் காட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்ட நீதவானின் முதல் வருடத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன் என்னுடைய முதல் வருடத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றவர்களின் முதல் வருடத்தை எடைபோட எனக்கு உரிமை இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள். செட்டியார் தெருப் பக்கத்துக் கடையொன்றில் வேலை பார்த்த ஒரு பொடியனைக் கொண்டுவந்து கூண்டில் ஏற்றினார்கள். வடக்கிலிருந்து வந்தவன், பத்தொன்பது வயது இருக்கும். கடைப் பெட்டியிலிருந்து காசு எடுத்ததாக வழக்கு. குற்றப்பத்திரத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். “இன்ன திகதியில்” என்றேன். அவன், “ஓம்” என்றான். “இன்ன இடத்தில்” என்றேன். “ஓம்.” “இவ்வளவு பணத்தை” என்றேன். “ஓம்.” கடைசியில், “நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?” என்று கேட்டேன். அதற்கும், “ஓம்” என்றான். நான் நீதவானைப் பார்த்துச் சிங்களத்தில், எதிரி குற்றத்தை ஏற்றுக்கொள்கிறார் என்றேன். மூன்று மாத மறியல்.

பின்னேரம் விறாந்தையில் அவனுடைய தாய் என்னைத் தேடி வந்தார். “ஐயா, அவன் எடுக்கேல்லை எண்டு சொல்லத்தானே வந்தவன். நீங்கள் என்னய்யா சொன்னனீங்கள்?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இங்கே இருக்கிற நம் எல்லோருக்கும் தெரியும், யாழ்ப்பாணத்து ஆள் ‘ஓம்’ என்றால் அது ஒத்துக்கொள்வதாக மட்டும் இருக்காது. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்கும் அதே ‘ஓம்’தான். பெரியவர் முன்னால் மரியாதைக்குச் சொல்வதும் அதே ‘ஓம்’தான். குற்றமற்றவர் என்று பொருள்படும் ‘சுற்றவாளி’ என்ற சொல்லை அந்தப் பிள்ளை வாழ்க்கையில் கேட்டிருக்கவே மாட்டான். போதாததற்குச் சிங்களத்தில் ஒத்துக்கொள்வதற்கான ‘ஒவ்’ என்ற சொல், காதுக்கு நம்முடைய ‘ஓம்’ போலவே இருக்கிறது. நான் அதை மொழிபெயர்க்கவே இல்லை. அப்படியே தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டேன்.

மறுநாள் போய் நீதவானிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புது உத்தியோகம், பயம். அந்தத் தாயிடம் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினேன். அவன் மூன்று மாதம் உள்ளே இருந்தான்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி கிடக்கிறது. அந்த மன்றில் எல்லாமே ஒழுங்காக நடந்தன. நீதவான் நல்லவர். சட்டம் மீறப்படவில்லை. குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்டது, மொழிபெயர்க்கப்பட்டது, பதிவு செய்யப்பட்டது. ஆனாலும் குற்றம் செய்தோமா இல்லையா என்று ஒரு பிள்ளையால் சொல்லவே முடியாமல் போனது. இது எப்படி நடந்தது? இந்தக் கேள்வியோடு பழைய புத்தகங்களைப் புரட்டியபோது நான் போய்ச் சேர்ந்த இடம் அயர்லாந்து.

*

அயர்லாந்தைப் பற்றி நாம் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். நம்மைப் போலவே ஆங்கிலேயருக்குக் கீழே இருந்த தீவு. அதே சமயம், ஆங்கிலேயரின் ஆட்சிக்கு ஏராளமான உத்தியோகத்தர்களைக் கொடுத்த தீவு. இலங்கையின் தேசாதிபதிகளிலேயே ஐரிஷ்காரர் இருந்தார்கள். கொழும்பு நூதனசாலை அவர்களில் ஒருவரான வில்லியம் கிரகரியின் காலத்தில் எழுந்தது. கொட்டாஞ்சேனையின் முகத்தை மாற்றிய துறைமுக அலைதடுப்புச் சுவருக்கு 1875 டிசம்பரில் அடிக்கல் வைத்ததும் அவர் காலத்தில்தான். அவர் கோல்வே மாவட்டத்து நிலச்சுவான்தார்.

இன்னொருவர் சேர் ஹென்றி பிளேக். 1903 முதல் 1907 வரை இங்கே தேசாதிபதி. லிமெரிக்கில் பிறந்தவர். 1859இல் ஐரிஷ் பொலிஸ் படையில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து, 1876இல் நீதவானாக உயர்ந்தார். அயர்லாந்தில் அந்த நீதவான்மார் ஊர்க்காரர்கள் அல்லர். டப்ளின் அரசு சம்பளம் கொடுத்து, தன் சார்பில் மாவட்டங்களுக்கு அனுப்பிய ஆட்கள். 1882இல், குத்தகைக் குடியானவர்களுக்கும் நிலச்சுவான்தார்களுக்கும் இடையிலான போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, பிளேக் விசேட நீதவான்களில் ஒருவராக நியமிக்கப்பட்டார். அங்கே கற்ற ஆட்சிமுறையோடு பஹாமாஸ், நியூபவுண்ட்லாந்து, ஜமெய்க்கா, ஹொங்கொங் என்று சுற்றி, கடைசியில் கொழும்பில் வந்து இறங்கினார்.

அவர் விசேட நீதவானான அதே 1882இல் மேற்கு அயர்லாந்தில் ஒரு கொடிய காரியம் நடந்தது. மாம்ட்ராஸ்னா என்ற மலைக்கிராமத்தில் ஆகஸ்ட் 17ஆம் திகதி இரவு ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் கொலை செய்யப்பட்டார்கள். பிடிக்கப்பட்டவர்களில் மைல்ஸ் ஜோய்ஸ் என்ற குடியானவரும் ஒருவர். அவருக்குத் தெரிந்த மொழி ஐரிஷ் மட்டும். வழக்கு டப்ளினில், ஆங்கிலத்தில் நடந்தது. அவர் தரப்பு வழக்கை ஏற்ற இளம் சட்டத்தரணிக்கு ஐரிஷ் தெரியாது. மொழிபெயர்ப்பாளராக நின்றவர் ஒரு பொலிஸ்காரர். தனக்கு எதிராக என்ன சொல்கிறார்கள் என்பதே விளங்காமல் அந்த மனிதர் விசாரணை முழுக்கக் கூண்டில் நின்றார். ஜூரிமார் ஆறே நிமிடத்தில் அவரைக் குற்றவாளி என்றார்கள். டிசம்பர் 15ஆம் திகதி கோல்வே சிறையில் மூன்று பேரைத் தூக்கிலிட்டார்கள். மற்ற இருவரும் தங்கள் குற்றத்தை ஒத்துக்கொண்டு, மைல்ஸ் ஜோய்ஸ் குற்றமற்றவர் என்று சாவதற்கு முன் சொல்லியிருந்தார்கள். அது எடுபடவில்லை. தூக்குமேடையிலும் அவர் ஐரிஷில் பேசிக்கொண்டே இருந்தார். சுற்றி நின்றவர்களில் பெரும்பாலானோருக்கு அது விளங்கவில்லை.

நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜோய்ஸ் 1907இல் இத்தாலிய மொழிப் பத்திரிகை ஒன்றில் இந்த மனிதரைப் பற்றி எழுதினார். குரல் இல்லாத ஒரு நாட்டின் உருவமாக அவரைக் கண்டார். 2018 ஏப்ரலில், 135 வருடங்களுக்குப் பிறகு, அயர்லாந்தின் ஜனாதிபதி மைக்கேல் டி. ஹிகின்ஸ் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இதை வாசித்தபோது என்னை உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. ஐரிஷ் மொழியில் ‘ஓம்’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் தனிச்சொல் கிடையாது. “போனாயா?” என்று கேட்டால் “போனேன்” என்றோ “போகவில்லை” என்றோ வினைச்சொல்லால்தான் பதில் சொல்வார்கள். நாமும் வீட்டில் அப்படித்தானே பேசுகிறோம்? ஆனால் நீதிமன்று ஒற்றைச் சொல்லில் பதில் கேட்கிறது. அந்தச் சொல் யாருடைய மொழியிலிருந்து வர வேண்டும் என்பதை மன்றுதான் தீர்மானிக்கிறது.

*

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிளேக் தேசாதிபதியாக இருந்தபோது, 1904 டிசம்பரில், கேம்பிரிட்ஜில் படித்த 24 வயது இளைஞர் ஒருவர் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். பெயர் லெனார்ட் வூல்ஃப். இலண்டன் யூதக் குடும்பத்துப் பிள்ளை. இவர் ஐரிஷ்காரர் இல்லைதான். ஆனால் அயர்லாந்தின் அந்த நீதவான் செய்த வேலையை நம் மண்ணில் செய்து, பிறகு அதைத் தானே விசாரித்து எழுதிவைத்த ஒருவர் என்றால் இவர்தான். அதனால் இவரை எடுத்துக்கொண்டேன்.

வோல்தேரின் நூல் தொகுதிகள் தொண்ணூறு, ஒரு நாய். இவைதான் அவர் கொண்டுவந்த சொத்து. முதல் நியமனம் யாழ்ப்பாணக் கச்சேரி, அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகம். அப்போது வடக்கு ரயில் பாதை முழுதாகப் பூர்த்தியாகவில்லை, 1905இல்தான் முடிந்தது. அநுராதபுரத்துக்கு வடக்கே காட்டைக் கடக்க மாடு பூட்டிய அஞ்சல் வண்டி. யாழ்ப்பாணத்தில் கோட்டைக் கொத்தளத்தின் மேல் இருந்த பங்களாவில் குடியிருந்தார். தமிழ் படித்தார். கச்சேரி வேலையைக் கடுமையாக ஒழுங்குபடுத்தினார். வந்த கடிதத்துக்கு அன்றே பதில் போக வேண்டும் என்றார். எழுதுவினைஞர்கள் அவரை விரும்பவில்லை.

யாழ்ப்பாணத்தில் அவருக்கு நடந்த ஒரு சம்பவத்தை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அரசாங்க அதிபரோடு குதிரையில் கடைத்தெருவால் போகிறார். வீதி எல்லையைத் தாண்டிக் கட்டியிருந்த விறாந்தையொன்றைத் தன் சவுக்கை நீட்டிக் காட்டுகிறார். அந்த நேரம் பார்த்து வண்டியில் கடந்துபோன ஒரு தமிழ்ச் சட்டத்தரணிக்கு, அந்தச் சவுக்கு தன் முகத்தை நோக்கி வந்ததாகத் தோன்றியது. யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் தேசாதிபதிக்கு முறைப்பாடு எழுதியது: வேண்டுமென்றே முகத்தில் அடித்தார் என்று. வூல்ஃப் விளக்கம் கொடுத்தார், விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் அவர் மனதில் முடியவில்லை. நான் அடிக்கவில்லை, ஆனால் என் கை நீண்டதை அடியாக உணர அவர்களுக்குக் காரணம் இருந்தது, நான் அந்தக் குதிரையில் இருந்ததே அந்தக் காரணம் என்ற எண்ணம் அவருக்குள் புகுந்தது. தான் இந்த ஆட்சியின் ஆளாக இருப்பது சரிதானா என்ற சந்தேகத்தின் தொடக்கங்களில் ஒன்றாக இதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இந்தச் சம்பவத்தை நான் எப்போதும் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையாகத்தான் பார்க்கிறேன். ஒரே சைகை, இரண்டு அர்த்தம். என் வழக்கில் ஒரே ‘ஓம்’, இரண்டு அர்த்தம். அதிகாரம் ஒரு பக்கமே இருக்கும்போது பிழையின் வலி மறு பக்கத்தில் போய் விழுகிறது.

*

1908 ஆகஸ்டில் வூல்ஃப் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போனார். வயது 27. ஏறத்தாழ ஆயிரம் சதுர மைல், ஒரு லட்சம் மக்கள். கிழக்கே யால காடு, தெற்கே கடலும் உப்பளங்களும். அந்த மாவட்டத்தில் வரி வசூலிப்பவரும் அவர், உப்பு சேகரிப்பவரும் அவர், பாதை போடுபவரும் அவர், ஊர்த் தலைமைக்காரரான விதானைமாரை நியமிப்பவரும் விலக்குபவரும் அவர். அதோடு பொலிஸ் நீதவானும் அவரே. கதிர்காம உற்சவக் காலத்தில் யாத்திரிகர்களைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. 1910இல் இரண்டு வாரம் அங்கே தங்கி அந்த வேலையைச் செய்தார்.

இப்போது நீங்கள் யோசித்துப் பாருங்கள். காலையில் கச்சேரி மேசையில் ஓர் உத்தரவு போடுகிறார். பின்னேரம் நீதிமன்று மேசையில், அந்த உத்தரவை மீறியவனை விசாரிக்கிறார். மேசை மாறியிருக்கிறது, கதிரையில் இருப்பவர் மாறவில்லை. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் காதுக்கு ஒரு செய்தி எந்த வழியால் வருகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

அந்த வழியைச் ‘சேனை’ என்ற ஒரு சொல்லை வைத்து விளக்கலாம். கொட்டாஞ்சேனை என்ற பெயருக்குப் பல விளக்கங்கள் சொல்வார்கள். எதைச் சொன்னாலும் பெயரின் முடிவில் சேனை நிற்கிறது. காட்டை வெட்டி, எரித்து, ஒன்றிரண்டு போகம் குரக்கனோ சோளமோ விதைத்துவிட்டு, அதைக் காட்டுக்கே விட்டுப் போவது சேனைப் பயிர்ச்செய்கை. அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்தவனுக்கு அதுதான் சோறு. ஆனால் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று வைத்துக்கொண்டது. பாட்டன் வெட்டிய சேனையைப் பேரன் வெட்டுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். யாருக்கு அனுமதி கொடுக்கலாம் என்று சொல்பவர் ஊர் விதானையார். விதானையாரைப் பகைத்தவனுக்குச் சேனை இல்லை. சேனை இல்லாதவன் கடனுக்குப் போக வேண்டும். கடன்காரனும் விதானையாரும் ஒன்றாகிவிட்டால் அவனுக்கு ஊரில் வாய் இல்லை.

ஊரில் குற்றம் நடந்தால் அதை முதலில் நீதவானுக்கு அறிவிப்பவரும் அதே விதானையார்தான். ஆகவே நீதவான் முன் ஒரு கிராமத்தவன் வந்து நிற்கும்போது, அவனைப் பற்றிய கதை அவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும்.

வூல்ஃப் சிங்களமும் படித்திருந்தார். மக்கள் சொல்வது அவர் காதில் விழுந்தது. உத்தியோகத்தர்கள் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்ற விதிப்படி தினமும் எழுதினார். உப்புக் கணக்கு, மாட்டு நோய், குளம், வழக்கு என்று அதில் எல்லாம் இருக்கிறது. 1909இல் பரவிய கால்நடைக் கொள்ளைநோயின்போது, நோயைத் தடுக்க மாடுகளைக் கட்டிவைக்கச் சொன்னார். கட்டாமல் திரிந்தவற்றைச் சுட வேண்டி வந்தது. ஊரைக் காப்பாற்றத்தான் செய்தார். ஊர் அவரை வெறுத்தது. இந்த நாட்குறிப்புகள் பிற்காலத்தில் புத்தகமாகவும் வெளிவந்தன. திறமையும் கண்டிப்பும் உள்ள ஓர் இளைஞர், தான் செய்வது சரி என்று நம்பி இரவு பகலாக உழைப்பதை அவற்றில் பார்க்கலாம்.

*

1911 மே மாதம் அவர் விடுமுறையில் இங்கிலாந்து போனார். 1912இல் வேலையை விட்டார். 1913இல் ஒரு நாவலை வெளியிட்டார். ‘காட்டிலுள்ள கிராமம்’ என்பது அதன் பெயருக்குப் பொருள். சிங்களத்தில் ‘பெத்தேகம’ என்று எல்லோருக்கும் தெரிந்த கதை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் படமாக்கியபோது நீதவான் வேடத்தில் நடித்தவர் விஞ்ஞான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்.

அந்த நாவலில் ஒரு வழக்கு வருகிறது. காட்டு வேட்டைக்காரன் சிலிந்து, அவன் மருமகன் பபுன். ஊர்த் தலைவனும் கடன்காரனும் சேர்ந்து, பபுன் வீடுடைத்துத் திருடியதாகப் பொய் வழக்கு வைக்கிறார்கள். திருட்டுப் பொருளையும் அவர்களே வைத்துவிடுகிறார்கள். வழக்கு வெள்ளைக்கார நீதவான் முன் வருகிறது. சாட்சிகள் ஒழுங்காகப் பேசுகிறார்கள். எதிரிக்கு என்ன கேள்வி கேட்பதென்று தெரியவில்லை. இதன் பின்னால் ஏதோ இருக்கிறது என்று நீதவானுக்கே தோன்றுகிறது. ஆனால் அது சாட்சியமாக அவர் முன் வரவில்லை. சட்டப்படி பபுனுக்குச் சிறை. பிற்பாடு அவன் சிறையிலேயே சாகிறான். சிலிந்து துவக்கை எடுத்து அந்த இருவரையும் சுடுகிறான். அதன் பிறகுதான், கொலைகாரனாக முன்னால் நிற்கும் அந்தக் கிழவனின் வாயிலிருந்து, நீதவான் முழுக்கதையையும் கேட்கிறார்.

இந்த இடத்தை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த நாவலில் நீதவான் கெட்டவர் இல்லை. சட்டத்தை அவர் மீறவில்லை. அவர் செய்யாத ஒன்று, கேட்பதுதான். கிழவன் சொல்ல வந்ததைக் கேட்பதற்கு ஓர் இடம் முதல் வழக்கில் இருக்கவில்லை. கேட்டபோது இரண்டு பிணம் விழுந்திருந்தது. கதிரையிலிருந்து எழுந்து, கடலைக் கடந்து, உத்தியோகத்தைத் துறந்த பிறகு வூல்ஃப் செய்தது என்னவென்றால், எதிரியின் பக்கத்திலிருந்து அந்த வழக்கை மறுபடியும் விசாரித்தார். பல வருடங்களுக்குப் பிறகு, 1960இல், 79 வயதில் இலங்கைக்குத் திரும்பி வந்து தான் வேலை பார்த்த ஊர்களைச் சுற்றிப் பார்த்தார்.

*

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று யாராவது நினைக்கலாம். அப்படி இருந்தால் நான் இன்று இங்கே நின்றிருக்க மாட்டேன்.

1993இல் கிழக்கு மாகாணத்தில் நல்லரத்தினம் சிங்கராசா என்ற இளைஞர் கைது செய்யப்பட்டார். அவருக்குத் தெரிந்தது தமிழ். அவருடைய வாக்குமூலம் எடுக்கப்பட்டபோது அங்கே இருந்தவர்கள் இரண்டு பேர்: ஓர் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடையில் மொழிபெயர்த்தவர் அந்தக் கான்ஸ்டபிள். அதைத் தட்டச்சு செய்தவரும் அதே கான்ஸ்டபிள். வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. அதில் பெருவிரல் அடையாளம் வைக்கப்பட்டது. 1995இல் அந்த வாக்குமூலத்தை மட்டும் வைத்து அவருக்கு 50 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1999இல் மேன்முறையீட்டில் அது 35 வருடமானது. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, இப்படிப்பட்ட சூழ்நிலையில் பெற்ற ஒரு வாக்குமூலத்தை மட்டும் நம்பித் தீர்த்தது நியாயமான விசாரணை ஆகாது என்று சொன்னது. 2006இல் நம் உயர் நீதிமன்று அந்தக் கருத்தை ஏற்கவில்லை.

1882, டப்ளின்: ஒரு பொலிஸ்காரர் மொழிபெயர்க்கிறார். 1993, கிழக்கு மாகாணம்: ஒரு பொலிஸ்காரர் மொழிபெயர்க்கிறார். நடுவில் 111 வருடம். மொழிபெயர்ப்பு என்பது ஒரு மனிதனின் வாய். அந்த வாயை அவனைக் குற்றம் சாட்டுபவரிடமே கொடுத்தால், அந்த விசாரணையில் ஒரு பக்கம் மட்டுமே பேசுகிறது.

இன்னொன்று, இதே கொட்டாஞ்சேனையிலும் நடந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை. வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிசார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். 376 பேர். மருத்துவத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். ஏன் வந்தாய் என்ற கேள்விக்கு அவர்களுடைய பதிலைக் கேட்டு எடைபோட யாரும் அங்கே இருக்கவில்லை. மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவின் பேரில், உயர் நீதிமன்று அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. சில நாட்களில் பிரதமர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இந்த இரண்டு சம்பவங்களையும் நான் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீதிமன்றுகள் நமக்குக் கதவை மூடியவை என்று நான் சொல்ல வரவில்லை. முழு வாழ்நாளையும் அங்கே கழித்த நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கேட்க நினைத்தால் ஒரே நாளில் கேட்க முடியும் என்பதை 2007 காட்டியது. கேட்கும் வழி பிழைத்தால் ஒரு வாழ்க்கையே போய்விடும் என்பதைச் சிங்கராசாவின் வழக்கு காட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது? நம் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்று மொழிகள் என்கிறது. வடக்கு கிழக்குக்கு வெளியே பெரும்பாலும் சிங்களத்தில் நடவடிக்கை நடந்தாலும், தமிழில் பங்குபற்றவும், தமிழில் மொழிபெயர்ப்புப் பெறவும் நமக்கு உரிமை உண்டு. மொழிபெயர்ப்பைத் தர வேண்டியது அரசின் கடமை. இந்த உறுப்புரையின் இன்றைய வடிவம் 1988இல் 16ஆம் திருத்தத்தோடு வந்தது. இந்த மொழிபெயர்ப்பு உரிமை, வழக்குக்கு வரும் தாய்மாரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள்?

ஆகவே இளைய நண்பர்களே, உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். முதலாவது, பொலிஸ் நிலையத்தில் உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். என் மொழியில் வாசித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். வீட்டிலுள்ள மூத்தவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். இரண்டாவது, உங்களில் இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு வாருங்கள். அது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். அந்தப் பதவிகள் வெறுமையாகக் கிடந்தால் அந்த இடத்துக்கு ஒரு பொலிஸ்காரர் வருவார். மூன்றாவது, சட்டத்தரணிகளாக வரப்போகிறவர்கள், எதிரிக்கு விளங்காத ‘சுற்றவாளி’யை விளங்கும் தமிழில் கேட்க மன்றுகளைக் கேளுங்கள். “நீர் இதைச் செய்தீரா, செய்யவில்லையா?” என்று கேட்டால் எந்த ஊர்த் தமிழனும் வினைச்சொல்லால் பதில் சொல்லிவிடுவான்.

வூல்ஃபுக்குத் தன் முதல் வருடத்தை விசாரிக்க ஒரு நாவல் வாய்த்தது. எனக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. அந்தப் பொடியனைத் தேடினேன்; மறியலிலிருந்து வந்தபின் அவன் அந்தக் கடைக்குத் திரும்பவில்லை. என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, கூண்டிலிருந்து ‘ஓம்’ என்ற சொல் வந்தால் நான் அதை நீதவானிடம் கொண்டுபோகவில்லை. நீதவானைப் பார்த்து, கொஞ்சம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டு, எதிரியின் பக்கம் திரும்புவேன். “தம்பி, கேட்டுக்கொண்டு இருக்கிறன் எண்டு சொல்லுறீரா, செய்தனான் எண்டு சொல்லுறீரா?” என்று கேட்பேன். சில நீதவான்மார் நேரம் போகிறதே என்று பார்ப்பார்கள். நான் பேசாமல் நிற்பேன். பதில் வரும்வரைக்கும் அப்படியே நிற்பேன்.